பதில்: பயிற்சி முடித்தவர்கள் வகுப்பில் பிரகடனத்தை ஒப்பிக்கிறார்கள்

வணக்கம். உங்களிடம் இரண்டு நாள் பயிற்சி பெற்ற இளைஞர் பணியாளர்கள், 1948-இல் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் இளைஞர்களிடம் ஒப்பிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அவர்களுக்கு அப்படித்தானே நடத்தியிருப்பீர்கள்? (கோபித்துக்கொள்ள வேண்டாம்.) உரிமைகளைப் பற்றி மட்டுமல்ல, உரிமைகளின் வழியாகவும் (கற்பவர், கற்பிப்பவர் உரிமைகளை மதிக்கும் முறையில்) உரிமைகளுக்காகவும் (அவற்றைப் பயன்படுத்தவும் காக்கவும்) கற்பிக்க வேண்டும் என்கிறது மனித உரிமைக் கல்வி, பயிற்சி பற்றிய 2011-ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம்.

அடுத்த பயிற்சியின் முதல் நாளே 'ஓர் அடி முன்னே' என்ற பாத்திரமேற்புப் பயிற்சியைப் பணியாளர்களில் ஒருவரை நடத்தச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனை மனிதரின் பாத்திரச் சீட்டு கொடுப்பது, கூற்றை வாசிப்பது, அது அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தினால் அவர் ஓர் அடி முன்னே வைப்பது எல்லாம் சுலபம். அதன் பிறகு வரும் உரையாடலில்தான் சறுக்குவார்கள். பாதி நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள். எல்லோரும் பாத்திரத்தைக் களைந்த பிறகு, பின்தங்கி நின்றவரிடம், "எந்தக் கூற்றில் உங்களால் நகர முடியவில்லை?" என்று கேட்கட்டும். உடனே பிரகடனத்தின் பிரிவு எண்ணுக்குத் தாவக் கூடாது. ஒருவருடைய சொந்த வாழ்க்கையே சீட்டாக அவர் கைக்குப் போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.