ஏ.எல்.எஸ்.: எடை குறையாமல் சாப்பாடு கொடுப்பது எப்படி?

அப்பா முன்பு போலத்தான் சாப்பிடுகிறார். ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறார். ஏன்?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் வருத்தம். அதனால் தசை கரைவது ஒரு பக்கம். அதோடு, இந்த வருத்தம் உள்ள பலருக்கு உடல் சும்மா இருக்கும்போதே வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சக்தியை எரிக்கிறது. அதனால் முன்பு சாப்பிட்ட அளவு இப்போது போதாது. அதற்காகக் கோப்பையை நிரப்பி வற்புறுத்தாதீர்கள்; பாதியிலேயே களைத்துவிடுவார். ஒவ்வொரு கரண்டியிலும் சத்தைக் கூட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. குழைந்த சோற்றில் நெய், கஞ்சியில் தேங்காயின் முதற்பால், மசித்த கிழங்கில் பட்டர் சேருங்கள். நம் பக்கத்து எருமைத் தயிரைவிட நல்ல உணவு இதற்குக் கிடைக்காது. எருமைப்பாலில் 7-8 வீதம் கொழுப்பு, மெல்லவும் தேவையில்லை. மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, பாணியோடு நன்றாக அடித்துக் கொடுங்கள். கிழமைக்கு ஒருமுறை அதே தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள்.

வாப்பாவுக்குக் கொலஸ்ட்ரோலும் இருக்கு. தேங்காய்ப்பாலைக் குறைக்கச் சொல்லியிருந்தார்களே?
- வாசகர், அக்கரைப்பற்று

அது இந்த வருத்தம் வருவதற்கு முன் சொன்னது. இப்போது எடை இறங்குவதுதான் பெரிய ஆபத்து. நரம்பியல் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தளர்த்துங்கள். முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை எல்லாம் சேர்ந்த வட்டிலப்பத்தைப் பெருநாள் வரை வைத்திருப்பானேன்? கஜு மட்டும் போடாதீர்கள், புரையேறலாம். நீரிழிவும் இருந்தால் இனிப்பு வேண்டாம். நெய், முட்டை, ஆனைக்கொய்யா போதும்.

தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. சொதி விட்டு இடியப்பம் கொடுக்கலாமா?
- வாசகி, வாழைச்சேனை

வேண்டாம். நீராக ஒன்றும் கட்டியாக ஒன்றும் ஒரே வாயில் சேர்ந்தால் விழுங்குவது கஷ்டம். புட்டு உதிர்ந்து தொண்டையில் ஒட்டும். இடியப்பத்தைக் கெட்டிச் சொதியோடு அரைத்து ஒரே பதமாக்குங்கள். நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். சாப்பிட்டபின்னும் அரைமணி நேரம் சாயவிடாதீர்கள். தண்ணீரை எவ்வளவு தடிப்பாக்குவது, நாடியைத் தாழ்த்தி விழுங்கலாமா என்பதைப் பேச்சு சிகிச்சையாளர் பார்த்துத்தான் சொல்லவேண்டும். சாப்பிட்டபின் குரல் கரகரத்தாலோ காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு கொடுக்க வயிற்றில் குழாய் வைக்கலாம் என்கிறார்கள். "அது கடைசிக் கட்டம்" என்று அம்மா மறுக்கிறார்.
- வாசகர், கல்முனை

இந்த ஒன்றில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கடைசிவரை இழுத்தடிப்பதுதான் பிழை. மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட்டால் குழாய் வைப்பதே ஆபத்தாகிவிடும். அதனால் மூச்சுப் பரிசோதனை ஓரளவு நன்றாக இருக்கும்போதே பேசி முடிவெடுக்க வேண்டும். வழக்கமான எடை 60 கிலோ என்றால், 54 வரை இறங்கும்மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. குழாய் வைத்தபின்னும், விழுங்கப் பாதுகாப்பு என்று வைத்தியர் சொன்னால், ஆசைப்பட்டதை வாயால் கொஞ்சம் சாப்பிடலாம். மருந்தும் தண்ணீரும் குழாய்வழி போகட்டும். இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். முடிவு அவருடையதுதான்.

இந்த வருத்தத்துக்குத் தந்த ரிலுசோல் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு கொடுக்கலாமா?
- வாசகி, திருக்கோவில்

கூடாது. கொழுப்புச் சாப்பாடு அந்த மருந்து உடலில் சேருவதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது இரண்டு மணி நேரம் பின்.