ஹோர்ட்டன் சமவெளிக்கு வெளிக்கிடுபவர்களுக்கு: யாழ்ப்பாண வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை விட்டுத் தை பிறந்ததும் மலையகப் பயணம் பற்றிய கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் முக்கால்வாசி ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் 14 பேர். வான் பிடித்து வெள்ளி இரவு வெளிக்கிட்டால் சனி விடிய நேராக ஹோர்ட்டன், பின்னேரம் நுவரெலியா, ஞாயிறு கண்டி பார்த்துவிட்டு இரவு வீடு. சரிவருமா? (கோண்டாவில்)

சரிவராது. ஏ9 வீதியில் கண்டிக்கே 320 கிலோமீற்றர். அங்கிருந்து நுவரெலியாவுக்கு 77, அதற்குமேல் பூங்காவுக்கு இன்னும் 30 சொச்சம். இரவு முழுக்க நித்திரை முழித்து ஓடிய சாரதி, விடியப்புற இருட்டில், மூடுபனிக்குள், பட்டிப்பொல ஏற்றத்து வளைவுகளில் உங்கள் 14 பேரையும் கொண்டுபோக வேண்டும். அதை நினைத்தாலே எனக்குக் கை குளிர்கிறது.

சரி, இரண்டு சாரதிகள் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாரும் பார்க்கப் போவது உலக முடிவை. 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழும் மலைவிளிம்பு அது. பொழுது ஏற ஏறக் கீழேயுள்ள பள்ளத்தாக்கு சூடாகும். ஈரக்காற்று மலைமுகத்தோடு மேலெழும்பி, மேலே வந்ததும் குளிர்ந்து முகிலாகும். அனேகமான நாட்களில் 9, 10 மணிக்கெல்லாம் விளிம்பு வெள்ளையாக மூடுண்டுவிடும். பிந்திப் போனவர் பார்ப்பது வெள்ளைச் சுவர் மட்டுந்தான்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். எட்டரைக்கு விளிம்பில் நிற்க வேண்டும். வண்டி நிறுத்தும் ஃபார் இன் என்ற இடத்திலிருந்து நடை நாலு கிலோமீற்றரளவில் வரும். ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும், பிள்ளைகள் இருந்தால் கூட. பூங்கா வாயில் 6 மணிக்குத் திறக்கும், ரிக்கற் வரிசையில் கொஞ்ச நேரம் போகும். அப்படியானால் நுவரெலியாவில் வான் நகரவேண்டியது நாலே முக்காலுக்கு. அதற்கு முதல்நாள் இரவு அங்கே தங்கிப் படுத்திருக்க வேண்டும். கண்டியை இன்னொரு முறைக்கு வையுங்கள். போயா நாளும் நீண்ட வார இறுதியும் வேண்டாம்.

எந்த மாதம் நல்லது? (சாவகச்சேரி)

ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் என்பதால் சனம் நெருக்கியடிக்கும், அறை வாடகை ஏறிவிடும். மே கடைசியிலிருந்து தென்மேல் பருவக்காற்று. மழையைவிடக் காற்றுத்தான் தொந்தரவு. எங்களுக்கு மாரி அடிக்கும் நவம்பர், டிசம்பரில் மலையிலும் மழைதான், மண்சரிவுப் பயமும் உண்டு.

அங்கே குளிர் எப்படி? யாழ்ப்பாணத்தில் வாங்கும் சுவெற்றர் காணுமா? (வல்வெட்டித்துறை)

சமவெளி இருப்பது 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில். சராசரி வெப்பநிலை 13 பாகை. ஆனால் நீங்கள் போவது பனிக்கால விடியப்புறத்தில். ஜனவரி, பெப்ரவரியில் சில காலைகளில் புல்லில் உறைபனி படிந்து கிடக்கும். தைப்பனிக்கே தலையில் துவாய் சுற்றுகிற ஆட்கள் நாங்கள், இதைச் சும்மா நினைக்க வேண்டாம்.

தடித்த ஒரு சுவெற்றரைவிட மெல்லியதாக மூன்று உடுப்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வெயில் பட்டதும் தோல் கருகும், தொப்பி மறக்கவேண்டாம். காதை மூட ஏதாவது, மழைக்கோட்டு ஒன்று. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. செருப்போடு போகவே கூடாது. பாதை வேரும் கல்லுமாக இருக்கும், நீர் அரித்த பள்ளங்களில் ஈரமண் வழுக்கும். அடி தேய்ந்த சப்பாத்தும் செருப்புப் போலத்தான்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் நோ. வரவேணும் என்று அடம்பிடிக்கிறா. கூட்டிக்கொண்டு போகலாமா? (மானிப்பாய்)

தாராளமாக. ஆனால் 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதைக்கு அல்ல. அதிலும் பேக்கர் அருவிக்கு இறங்கும் இடம் நல்ல முழங்காலையே சோதிக்கும். அம்மாவை ஃபார் இன் வரை வாகனத்திலேயே கொண்டுபோகலாம். காலையில் மரைகள் அந்தப் பக்கத்துப் புல்வெளிக்கே வந்து நிற்கும். ஈரம் சொட்டும் மூக்கும், கழுத்தில் சிலிர்த்த மயிருமாக, கிட்டத்திலேயே பார்க்கலாம். அங்கே பார்வையாளர் நிலையமும் இருக்கிறது. ஒருவர் அம்மாவோடு நிற்க, மற்றவர்கள் நடந்துவிட்டு வாருங்கள். அந்த ஒருவர் யார் என்பதை வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள், வாயிலில் நின்று சண்டை பிடிக்காமல்.

திரும்பும் வழியில் சீத்தாஎலிய அம்மன் கோவிலுக்கும் ஹக்கல பூந்தோட்டத்துக்கும் போகலாம். காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை நட்டுப் பார்க்க 1861 இல் தொடங்கிய தோட்டம் அது. வாங்கில் இருக்க நிறைய இடம் உண்டு.

மலை உயரத்தால் மூச்சு முட்டுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த உயரத்தில் சாதாரணமாக அப்படி வராது. ஆஸ்துமா, இருதய வருத்தம் இருந்தால் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் போங்கள். பலருக்கு வருவது வளைவுகளில் வாந்திதான். றம்பொடைப் பக்கம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போகலாமா? (நல்லூர்)

லஞ்ச் ஷீற்றில் கட்டினால் வாயிலைத் தாண்டாது. பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கற் பைக்கற்றைப் பிரித்துக் கடதாசிப் பைக்கு மாற்றச் சொல்வார்கள். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியுள்ள லேபலைக்கூட உரித்து எடுத்துவிட்டுத்தான் கையில் தருவார்கள். இதில் எரிச்சற்பட ஒன்றுமில்லை. மரைகள் சாப்பாட்டு வாசம் பிடித்த பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கும், அது குடலில் அடைத்துச் சாகும்.

எங்களிடம்தான் பனையோலைப் பெட்டியும் வாழையிலையும் இருக்கிறதே. முதல்நாள் சுட்ட ரொட்டி, ஒரு துண்டு பனங்கட்டி, சுடுதண்ணிப் போத்தலில் பிளேன்ரீ: விடிய அந்தக் குளிருக்கு இது போதும். புட்டு வேண்டாம், குளிரில் கல்லாகிவிடும். மரைக்கு ஒரு துண்டும் கொடுக்காதீர்கள். வேலியோரத்து ஆடு மாதிரிப் பழகி நின்றாலும் அது காட்டு விலங்கு.

கனடாவிலிருந்து வரும் சித்தப்பா குடும்பத்துக்கும் எங்கட கட்டணம்தானா? (கோப்பாய்)

இல்லை. இலங்கைப் பிரசைக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவருக்கு டொலர்க் கணக்கில் வேறு கட்டணம், அதன்மேல் வரி. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் அதற்கான ஆவணத்தைக் கையில் வைத்திருக்கட்டும்; தமிழில் கதைப்பதை அத்தாட்சியாக எடுக்கமாட்டார்கள். நீங்களும் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வாகனத்துக்குத் தனியாகக் கட்டவேண்டும்.

வான் இல்லாமல் ரயிலில் போக வழி உண்டா? (கொக்குவில்)

உண்டு, நான் விரும்புவதும் அதைத்தான். கொழும்புக் கோட்டை வரை இறங்கிப்போய்த் திரும்ப ஏறத் தேவையில்லை. வடக்குப் பாதையும் மலையகப் பாதையும் பொல்ககவெலயில் சந்திக்கின்றன. அங்கே நிற்கும் ரயிலாகப் பார்த்து எடுத்து, பதுளை ரயிலுக்கு மாறுங்கள். நுவரெலியாவில் தங்குவதென்றால் நானுஓயாவில் இறங்க வேண்டும். பூங்காவுக்கு இன்னும் கிட்டவென்றால் பட்டிப்பொல அல்லது ஒஹிய. பட்டிப்பொல 1,891 மீற்றரில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். ஒஹியவிலிருந்து பூங்காவுக்கு 11 கிலோமீற்றர் ஏற்றம். நடக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் எட்டரைக் கணக்கு அப்போது சரிவராது. முதல்நாளே தங்குமிடத்தில் சொல்லி முச்சக்கரவண்டி ஒழுங்குசெய்யுங்கள்.

இருக்கை முற்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், உடனேயே முடிந்தும் விடும். மண்சரிவு வந்தால் மலையகப் பாதை மூடப்படும் என்பதால் போகும் கிழமையில் ரயில் நிலையத்தில் ஒருதரம் விசாரியுங்கள்.

சிவனொளிபாத மலைக்கும் போய், ஹற்றன் வழியாக நுவரெலியா வர நினைக்கிறோம். பாதை எப்படி? (சுன்னாகம்)

தொலைபேசி வரைபடம் நானுஓயாப் பக்கம் ராதல்லக் குறுக்குப் பாதையைக் காட்டினால் அதை விட்டுப் பிரதான வீதியாலேயே வாருங்கள். 2023 ஜனவரியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய பஸ் ஒன்று அந்தச் சரிவில் வானோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். சமதரையில் ஓடிப் பழகிய சாரதிக்கு ஒன்று சொல்லவேண்டும்: இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது, ஏறிய அதே கியரில்தான் இறங்கவேண்டும். பிரேக் சூடாகி மணந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

சிறுத்தை, கூடாரம், ட்ரோன், செல்பி: பலர் கேட்டவை

சிறுத்தை உண்டு, பகலில் சனம் நடக்கும் பாதையில் காண்பது அபூர்வம். கூடாரமும் வனசீவராசிகள் திணைக்களத்தின் விடுதிகளும் முன்கூட்டியே பதிந்தால்தான் கிடைக்கும். ட்ரோன் அனுமதியின்றிக் கூடாது. பாதையை விட்டு இறங்குவதும் கூடாது.

நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்தைக்கு ஏறலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஃபார் இன்னிலிருந்துதான் பாதை தொடங்குகிறது. போகவர ஒரு முழுநாள் பிடிக்கும். உலக முடிவோடு சேர்த்து ஒரே நாளில் வைக்காதீர்கள்.

செல்பி எடுப்பவர்களுக்கு: 2015 இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் உலக முடிவில் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். மரத்தில் சிக்கியதால் தப்பினார். படத்தைப் பாறையில் இருந்தபடி எடுங்கள், நின்றபடி வேண்டாம்.