வயரில் தொடங்குங்கள்: பழைய சிறு விமானத்தின் ரேடியோவும் ஜி.பி.எஸ்.ஸும் – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வர்ஜீனியா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓரிபி, ஜெர்மிஸ்டன் ராண்ட் ஆகிய தளங்களில் விமானம் நிறுத்தியிருக்கும் நம்மவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவி) மெக்கானிக்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 1974 செஸ்னா 172. இரண்டு கே.எக்ஸ். 170பி ரேடியோக்கள் இருக்கின்றன. ஒன்று விட்டு விட்டுத்தான் கேட்கிறது. இரண்டையும் கழற்றிப் புதிது போட்டுவிடலாமா?

பதில்: முதலில் குற்றவாளி ரேடியோதானா என்று பாருங்கள். இரண்டும் ஒரே மாடல் என்பது உங்கள் அதிர்ஷ்டம். மெக்கானிக்கை வைத்து இரண்டையும் இடம் மாற்றிச் செருகச் சொல்லுங்கள். கோளாறு ரேடியோவோடு கூடப் போனால் ரேடியோ. பழைய இடத்திலேயே நின்றால் ஆன்டெனா, கோஆக்ஸ் (ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்), அல்லது ரேடியோ செருகும் டிரேயின் பின்பக்கப் பின்கள். ரேடியோ டிரேக்குள் முழுதாக உட்காராமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றாலே பின் சரியாகத் தொடாது. அதிரும்போது போய்ப் போய் வரும். இதைக் கவனிக்காமல் நல்ல ரேடியோவைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

ரேடியோதான் என்றால், 170பி-யில் வழக்கமாகத் தேய்வது அலைவரிசை திருப்பும் சுவிட்சின் தொடுமுனைகள். சுத்தம் செய்தால் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் அது 720 சேனல் ரேடியோ, 135.975 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. இப்போதைய 760 சேனல் ரேடியோ 136.975 வரை போகும். அதனால் ஒன்றை மாற்றி, நல்ல நிலையில் உள்ள மற்றதை இரண்டாவதாக வைத்துக்கொள்வதுதான் என் யோசனை.

கேள்வி: தம்பி, வர்ஜீனியாவில் வெளியே நிற்கிற செரோக்கி விமானம். தரையில் நன்றாகப் பேசுகிறது. 124.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் என் இடத்தை அறிவித்தால் பத்து மைல் தள்ளி இருப்பவருக்கே கேட்பதில்லை.

பதில்: ஐயா, கடற்கரைக்குப் பக்கத்தில் நிற்கும் விமானம். நான் முதலில் ஆன்டெனாவின் அடியைத்தான் கழற்றுவேன். அலுமினியத் தோலுக்கும் ஆன்டெனா அடித்தட்டுக்கும் நடுவே வெள்ளைப் பொடி படிந்திருக்கும். ஆன்டெனாவுக்குத் தோல்தான் மறுபாதி. அந்தத் தொடர்பு கெட்டால் ரேடியோ எத்தனை வாட் கொடுத்தாலும் வீண். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு கொடுத்துத் திரும்பப் பொருத்துங்கள். அடித்தட்டுக்கும் தோலுக்கும் இடையே மின்தடை 3 மில்லி ஓமுக்குள் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இவ்வளவு சிறிய அளவைக் காட்டாது, மில்லி ஓம் மீட்டர் தேவை. கடைசியில் விளிம்பைச் சுற்றிச் சீலன்ட். அதை விட்டால் அடுத்த மழைக்காலத்தில் இதே வேலை.

அடுத்து கோஆக்ஸ். அந்தக் காலத்து ஆர்.ஜி. 58 கேபிளுக்குள் ஈரம் ஏறி, பின்னல் செம்பு கறுத்திருக்கும். மல்டிமீட்டரில் நன்றாகத்தான் காட்டும், நம்பாதீர்கள். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை நடுவில் வைத்து 118, 127, 136 மூன்றிலும் அனுப்பிப் பாருங்கள். 2:1-க்குள் இருந்தால் சரி. 3:1 என்றால் அனுப்பும் சக்தியில் கால் பங்கு திரும்பி வருகிறது. கேபிள் மாற்றுவதானால் ஆர்.ஜி. 400 போடுங்கள், பி.என்.சி. முனைகளும் புதிது. பழைய முனையை வெட்டிப் புதுக் கேபிளில் பொருத்துவது சில்லறை மிச்சம், பெரிய தலைவலி.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து பழைய டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவி), ஏ.டி.எஸ்-பி (விமானம் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும்) பெட்டி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: பெட்டி எந்த அலைவரிசை என்று முதலில் கேளுங்கள். 978 மெகாஹெர்ட்ஸ் என்றால் வேண்டாம். அது அமெரிக்காவுக்கு மட்டுமான ஏற்பாடு; வானிலைப் படம் இலவசமாக வருகிறது என்று விளம்பரத்தில் சொல்வதும் அங்கே உள்ள தரைநிலையங்களை நம்பித்தான். இங்கே அது வெறும் எடை. நமக்கு வேண்டியது 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர். கார்மின் ஜி.டி.எக்ஸ். 335 அனுப்ப மட்டும் செய்யும்; 345 மற்ற விமானங்கள் அனுப்புவதையும் வாங்கிக் காட்டும்.

வாங்கியதும் மறக்கக் கூடாதது அதன் 24 பிட் முகவரி, அதாவது விமானத்தின் அடையாள எண். அமெரிக்க விமானத்திலிருந்து வந்த பெட்டியில் ஏ என்று தொடங்கும் முகவரி ஏறியிருக்கும். நம் நாட்டு முகவரிகள் 00 என்று தொடங்குபவை. மாற்றாமல் பறந்தால் ரேடாரில் நீங்கள் வேறு யாரோ. விபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் அவசர பீக்கனிலும் இதே கதை: 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனில் தென்னாப்பிரிக்காவின் நாட்டு எண் 601 ஏற்றிப் பதிவு செய்ய வேண்டும். 121.5 மட்டும் உள்ள பழைய பீக்கனை 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் கேட்பதில்லை.

பெட்டியோடு டிரே, கனெக்டர், பின்கள், 8130-3 போன்ற தகுதிச் சான்று எல்லாம் சேர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். அவற்றைத் தனியாக வாங்கப் போனால் மலிவு காணாமல் போகும்.

கேள்வி: கார்மின் 430 ஜி.பி.எஸ். போட்டால், வழியிலிருந்து விலகுவதைக் காட்டும் பழைய கே.ஐ. 208 ஊசிக் கருவி போதுமா?

பதில்: போதாது. 208 தன் வி.ஓ.ஆர். (தரை வழிகாட்டி நிலைய) கன்வெர்ட்டரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, ஜி.பி.எஸ். ஊசியை அதற்குக் கொடுக்க வழியில்லை. கே.ஐ. 206, ஜி.ஐ. 106 போன்றவை வேண்டும். இந்தச் செலவு பலருடைய கணக்கில் வருவதே இல்லை.

கேள்வி: 430 வாங்குவதா, 430 டபிள்யூ வாங்குவதா? உயரத்துக்கும் ஜி.பி.எஸ்.ஸே வழிகாட்டும் எல்.பி.வி. இறங்குமுறை கிடைக்கும் என்கிறார்களே.

பதில்: எல்.பி.வி.க்கு வானில் திருத்தம் அனுப்பும் செயற்கைக்கோள் சேவை வேண்டும். வட அமெரிக்காவில் வாஸ், ஐரோப்பாவில் எக்னாஸ். தென்னாப்பிரிக்கா அவற்றின் எல்லைக்குள் இல்லை. அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் டபிள்யூ ரகத்தில் கணிப்பு வினாடிக்கு ஐந்து முறை புதுப்பிக்கப்படும், தவறான செயற்கைக்கோளைத் தானே ஒதுக்கும். அதற்காக வாங்கினால் நியாயம். பழைய 430-இன் ஆன்டெனா டபிள்யூவுக்கு ஆகாது, அதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: புது ஜி.பி.எஸ். நன்றாக ஓடுகிறது. ரேடியோவில் பேசும்போது மட்டும் சில நேரம் சிக்னல் போய்விடுகிறது.

பதில்: எல்லா அலைவரிசையிலும் போகாது, கவனித்துப் பாருங்கள். ஜி.பி.எஸ். 1575.42 மெகாஹெர்ட்ஸ். 121.150-ஐ 13-ஆல் பெருக்குங்கள், 1574.95. 131.250-ஐ 12-ஆல் பெருக்கினால் 1575. ரேடியோ அனுப்பும்போது கூடவே கசியும் மடங்கலைகள் ஜி.பி.எஸ்.ஸின் காதிலேயே விழுகின்றன. அதனால்தான் 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆறிலும், ஒவ்வொன்றிலும் 35 வினாடி அனுப்பி, ஜி.பி.எஸ். கொடி (சிக்னல் இல்லை என்ற எச்சரிக்கை) விழுகிறதா என்று பார்ப்பது பொருத்திய பின் செய்யும் சோதனை. கோபுரத்திடம் சொல்லிவிட்டு, வெட்டவெளியில் நிறுத்திச் செய்யுங்கள். ஹேங்கருக்குள் செய்தால் சிக்னல் போனதற்குக் கூரையா ரேடியோவா என்று தெரியாது.

கொடி விழுந்தால், முதலில் இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே குறைந்தது இரண்டு அடி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தும் விழுந்தால் அவசர பீக்கனின் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். பழைய பீக்கன், ரேடியோவின் அலையை வாங்கி மடங்கலையாக்கித் திருப்பி வீசும். ஆளே பார்க்காத மூலையில் இருக்கும் அதுதான் பல நேரம் திருடன். அதுவும் இல்லையென்றால் ரேடியோவின் கோஆக்ஸில் 1575.42-ஐ வெட்டும் நாட்ச் ஃபில்டர்.

கேள்வி: ஹெட்செட்டில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை. ஃபில்டர் போட்டும் போகவில்லை.

பதில்: வேகத்தோடு மாறினால் ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருவது). அதன் சுவிட்சை மட்டும் ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள், ஊளை நின்றால் உறுதி. ஆனால் அந்த ஊளை ஹெட்செட்டுக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் ஜாக். மைக், ஹெட்போன் ஜாக்குகள் உலோகப் பேனலைத் தொடக்கூடாது. இரண்டு பக்கமும் ஃபைபர் வாஷர் வேண்டும். பேனலைப் பெயின்ட் அடிக்கக் கழற்றியவர் அந்த வாஷரைத் தொலைத்துவிட்டு நேரே மாட்டியிருப்பார். ஜாக் அங்கேயும் கிரவுண்ட், ஆடியோ பெட்டியிலும் கிரவுண்ட், நடுவே ஒரு சுற்று. ஷீல்டு வயரின் ஷீல்டையும் ஒரே முனையில்தான் கிரவுண்ட் செய்ய வேண்டும். இவை சரியாக இருந்தும் ஊளை என்றால் ஆல்டர்னேட்டரில் டையோடு ஒன்று போயிருக்கும்.

கேள்வி: 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். இத்தனை கருவி தாங்குமா?

பதில்: தொடர்ச் சுமை 80 சதவீதத்துக்குள், அதாவது 48 ஆம்பியருக்குள். பிடாட் ஹீட்டர் (வேகமானியின் காற்றுக் குழாயைச் சூடாக்குவது) 8 முதல் 10, வால், சிறகு விளக்குகள் 5 முதல் 6, பீக்கன் விளக்கு ஏறக்குறைய அவ்வளவே, 100 வாட் லேண்டிங் விளக்கு 7. லேண்டிங் விளக்கைத் தொடர்ச் சுமையில் சேர்க்க வேண்டாம் என்பார்கள். மழையிலும் இரவிலும் அதை எரிய விட்டே பறப்பதால் நான் சேர்த்துக்கொள்வேன். இடம் போதவில்லையென்றால் விளக்குகளை எல்.இ.டி. ஆக்குங்கள், பெரிய ஆல்டர்னேட்டரைவிட எளிது. வயரும் பிரேக்கரும் பொருந்த வேண்டும்: 22 கேஜுக்கு 5 ஆம்பியர், 20-க்கு 7.5, 18-க்கு 10. அடிக்கடி விழுகிறது என்று பெரிய பிரேக்கர் மாட்டினால், அடுத்து உருகப்போவது பேனலுக்குப் பின்னால் கட்டாகக் கட்டியிருக்கும் வயர்.

கேள்வி: வேலை முடிந்ததும் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: புதிய எடை, சமநிலைத் தாள். பழைய ஏ.டி.எஃப். (திசை காட்டும் ரேடியோ), அதன் ஆன்டெனா, செத்த வயர்கள் எல்லாம் இறங்கினால் காலி எடை மாறும். செத்த வயரைக் கட்டோடு விட்டுவைக்கச் சம்மதிக்காதீர்கள். உயரமானிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டு வரும் ஸ்டேட்டிக் குழாயைத் தொட்டிருந்தால் கசிவுச் சோதனை: உயரமானி தளத்துக்கு மேல் 1000 அடி காட்டும் அளவுக்கு உறிஞ்சி நிறுத்தினால், ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. காந்தத் திசைகாட்டியை மீண்டும் சரிபார்த்துப் புது அட்டை. கடைசியாக, எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்ற வரைபடம். அது உங்கள் கையில் இல்லாவிட்டால் அடுத்த மெக்கானிக் உங்கள் காசில்தான் அதைக் கண்டுபிடிப்பார்.