ஞானப்பல் எடுத்த பிறகு ஓசோன் சிகிச்சை: கேள்வி பதில்

கேள்வி: புதைந்திருந்த கீழ் ஞானப்பல்லை நேற்று அறுவை செய்து எடுத்தார்கள். ஓசோன் கொடுத்தால் புண் விரைவில் ஆறும் என்கிறார்கள். அது என்ன?

பதில்: நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கும், ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு எளிதில் பிரிந்து அருகிலுள்ள பொருளோடு வினைபுரிவதால், அதன் எதிரில் பாக்டீரியாவின் வெளிச்சுவர் சிதைந்துவிடுகிறது. ஓசோன் நிலையற்றது என்பதால் சேமித்து வைக்க முடியாது; ஆக்சிஜனுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி அவ்வப்போதே தயாரிக்க வேண்டும். பல் மருத்துவத்தில் அதை வாயுவாகவோ, நீரில் கரைத்தோ, எண்ணெயில் ஏற்றியோ பயன்படுத்துகிறார்கள். 1930களிலேயே சுவிட்சர்லாந்தில் ஃபிஷ் என்ற பல் மருத்துவர் ஓசோன் நீரைப் பயன்படுத்தினார்; எனவே இது நேற்று முளைத்த முறையன்று.

கேள்வி: வலியும் வீக்கமும் உண்மையிலேயே குறையுமா?

பதில்: வலி ஓரளவு குறைந்ததாகவும், வலி மாத்திரைகளின் தேவை குறைந்ததாகவும் சில ஆய்வுகள் காட்டுகின்றன. வீக்கம், வாய் திறக்கும் அளவு ஆகியவற்றில் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஒருவர் வாயுவைப் பயன்படுத்த, மற்றொருவர் எண்ணெயைப் பயன்படுத்தியிருக்கிறார். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அறுவைக்குப் பின் வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டி, அதன் பிறகு தானாகவே வடியத் தொடங்கும். மூன்றாம் நாளில் ஓசோன் பெற்றவர் ஐந்தாம் நாளில் முகம் வடிந்திருப்பதைக் கண்டு, பெருமையை ஓசோனுக்குக் கொடுத்துவிடுகிறார். ஆகவே இதைத் துணைச் சிகிச்சையாக மட்டுமே கருதுகிறேன். புண்ணை ஆற்றுவது குழியில் உறைந்து நிற்கும் இரத்தமே.

கேள்வி: மூன்று நாளாகிறது. குழியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. சீழ் என்றால் ஓசோன் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் நாள் கருஞ்சிவப்பு ஜெல்லி போலத் தெரிந்த இரத்த உறைவின் மேல், மூன்றாம் நாளளவில் வெண்மையும் மஞ்சளும் கலந்த மெல்லிய ஏடு படர்வது இயல்பு. அது பெரும்பாலும் ஃபைப்ரின் என்னும் புரதம். புண் ஆறுவதன் அடையாளம். பலர் அதைச் சீழென்று அஞ்சிப் பஞ்சால் துடைத்தெடுத்து, தாங்களே உறைவைக் கலைத்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. தயவுசெய்து தொடாதீர்கள். காய்ச்சல், துர்நாற்றத்துடன் வடியும் திரவம், நாளுக்கு நாள் கூடும் வீக்கம் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான்காம் நாள். வலி காது வரை பாய்கிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை.

பதில்: இது டிரை சாக்கெட் ஆக இருக்கக்கூடும். உறைவு கரைந்தோ பெயர்ந்தோ போனதால் எலும்பு திறந்து கிடக்கும் நிலை அது. புகைப்பவர்களுக்கு அதிகம் வரும். குழியைக் கழுவி மருந்துக்கட்டு வைப்பதே வழக்கமான சிகிச்சை. அதனுடன் மருத்துவர் ஓசோனும் கொடுத்தால் ஏற்கலாம், அதற்குப் பதிலாக என்றால் வேண்டாம். இன்றே சென்று காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. வீட்டில் ஓசோன் இயந்திரம் வாங்கிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை நச்சு வாயு என்றே விதிகளில் வகைப்படுத்தி, நிரூபிக்கப்பட்ட மருத்துவப் பயன் ஏதுமில்லை என்றும் கூறுகிறது. மருத்துவமனையிலும், வாயுவை நீங்கள் சுவாசித்துவிடாதபடி இழுத்தெடுக்கும் உறிஞ்சு குழாய் அருகிலேயே இயங்க வேண்டும். கர்ப்பிணிகளும், ஜி6பிடி நொதிக் குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பரம்பரைக் கோளாறு), கட்டுக்குள் வராத தைராய்டு மிகைச்சுரப்பு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: ஓசோன் வைத்துக்கொண்டால் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடலாமா?

பதில்: மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். 24 மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் மெல்லச் சுழலவிட்டு, வேகமாகத் துப்பாமல் வழியவிடுங்கள். சில நாட்களுக்கு ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.