ஆஸ்டெக் புதையல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆஸ்டெக் மன்னர் மான்டெசுமாவின் தங்கத்தை அவருடைய ஆட்கள் வடக்கே சுமந்துபோய், இன்றைய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கனாப் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குளத்தடிக் குகையில் ஒளித்துவைத்ததாக யூடியூபில் பார்த்தேன். நானும் நண்பனும் இதை வைத்து இரண்டு நாளாகச் சண்டை. அவ்வளவு தங்கமும் எங்கேதான் போயிருக்கும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரும்பகுதி உலைக்குத்தான் போனது.

1519 நவம்பரில் ஸ்பானியத் தளபதி கோர்தெஸ் தன் படையோடு ஆஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லானுக்குள் (இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடம், அன்று ஏரி நடுவே இருந்த ஊர்) வந்தபோது, மான்டெசுமா தன் தந்தையின் அரண்மனையிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அங்கே புதிதாகப் பூசி அடைத்திருந்த ஒரு வாசலை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே குவியல் குவியலாகப் பொன். அடுத்து நடந்ததை அந்த ஊர் மக்களே பின்னாளில் சகாகுன் என்ற பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். இறகு வேலை செய்த கேடயங்களிலிருந்து பொன்னை மட்டும் பிய்த்தெடுத்தார்கள், மிச்சத்தைக் கொளுத்தினார்கள், பொன்னைக் கட்டியாக வார்த்தார்கள். அந்த மக்களுக்குத் தங்கத்தைவிடக் கேட்சால் பறவையின் பச்சை இறகும் பச்சைக்கல்லும்தான் உசத்தி. அவர்கள் மொழியில் தங்கத்தைக் குறிக்கும் சொல்லைப் பிரித்தால் 'தெய்வத்தின் கழிவு' என்றுதான் வரும்.

ஊர் மக்கள் எதிர்த்துக் கிளம்பவே, 1520 ஜூன் 30 இரவு, ஸ்பானியர் ஏரி நடுவே போன பாதை வழியாக ஊரைவிட்டுத் தப்பி ஓடினார்கள். மிஞ்சிய தங்கத்தை வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார் கோர்தெஸ். மடி கனக்கக் கட்டிக்கொண்டவர்கள் பலர் கால்வாயில் மூழ்கிப்போனார்கள். படையில் இருந்த பெர்னால் தியாஸ் நான்கு பச்சைக்கற்களை மட்டும் எடுத்துக்கொண்டதாக எழுதுகிறார். காயத்துக்கு மருந்தும் வயிற்றுக்குச் சாப்பாடும் பிறகு அந்தக் கற்களால்தான் கிடைத்தன.

கட்டிகள் மூன்று விரல் அகலம் இருந்தன என்றும் தியாஸ் சொல்கிறார். 1981இல் மெக்சிகோ நகரில் அலமேடா பூங்காவுக்குப் பக்கத்தில் கட்டட வேலைக்குத் தோண்டிய ஒரு தொழிலாளி கையில் ஒரு பொன்கட்டி கிடைத்தது. எடை 1.93 கிலோ, அகலம் 5.4 சென்டிமீட்டர். உங்கள் விரல் மூன்றைச் சேர்த்து அளந்து பாருங்கள். தப்பி ஓடிய பாதையை ஒட்டிய இடம் அது. அந்தக் காலத்துக் கட்டிதான் என்பதை 2020இல் எக்ஸ்ரே சோதனையும் உறுதிசெய்தது.

சரி, யூட்டாவுக்கு வருவோம். ஸ்பானியர் திரும்பி வந்து முற்றுகையிட்டு 1521 ஆகஸ்டில் நகரத்தைப் பிடித்தபோது எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. கடைசி மன்னர் குவாதெமோக்கின் பாதங்களில் எண்ணெய் தடவிச் சுட்டுச் சித்திரவதை செய்தார்கள். அப்போதும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. எங்கோ ஒளித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கு இதுதான் விதை என்று நினைக்கிறேன். ஆனால் முற்றுகையில் கிடந்த ஊர் அது. குடிநீரை வெட்டிவிட்டார்கள், ஏரியில் ஸ்பானியப் படகுகள், போதாததற்குப் பெரியம்மை வேறு. பொதி சுமக்க அந்த நாட்டில் மாடும் கிடையாது, குதிரையும் கிடையாது. எல்லாம் மனிதர் முதுகில்தான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாலைவனம் தாண்டி யார் சுமந்திருப்பார்கள்? அதனால் யூட்டா கதையை நான் நம்பவில்லை.

குளத்தில் தேடுகிறவர்களைவிட எனக்கு ஆல்பிரெஹ்ட் டியூரர்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். ஜெர்மானிய ஓவியர், பொற்கொல்லரின் மகன், தானும் அந்தத் தொழிலைக் கற்றவர். உருக்குவதற்கு முன்பே கோர்தெஸ் தன் அரசருக்கு அனுப்பிய பரிசுகளை 1520 ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸில் பார்த்தார். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலத்தில் முழுத் தங்கத்தில் ஒரு சூரியன், அதே அளவில் வெள்ளியில் ஒரு நிலா. வாழ்நாளில் தன் மனம் இப்படி மகிழ்ந்ததில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தச் சூரியனும் நிலாவும் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

அன்புடன்