சிமுலேட்டரில் பறந்து பழைய விமானங்களின் வரலாற்றை அறிய முடியுமா?

முடியும். சிமுலேட்டர் என்பது ஒரு விமானத்தின் எடை, இறக்கையின் வடிவம், எஞ்சினின் வலு ஆகியவற்றைக் கொண்டு, அது காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணித்துத் திரையில் காட்டும் மென்பொருள். வடிவமைப்பாளர்கள் எதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும். சிமுலேட்டரிலோ அதன் விளைவை நாமே சமாளிக்க வேண்டியிருக்கிறது.

சார்லஸ் லிண்ட்பெர்க் 1927 மே 20 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பி, சுமார் 33½ மணி நேரம் இடைநில்லாமல் தனியாகப் பறந்து பாரிஸை அடைந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானத்தை எடுத்துக்கொள்வோம். விமானி இருக்கையில் அமர்ந்தால் எதிரே கண்ணாடியே இருக்காது. தண்ணீர் லாரியின் தொட்டியை ஓட்டுநருக்கு முன்னால் வைத்துவிட்டு, பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்து ஓட்டச் சொன்னால் எப்படியிருக்குமோ, அப்படித்தான். ஏறத்தாழ 1,700 லிட்டர் எரிபொருளைச் சுமக்க வேண்டியிருந்ததால், பெரிய தொட்டியைத் தமக்கு முன்னால் வைக்கச் சொன்னவர் லிண்ட்பெர்க்தான். அது பின்னால் இருந்தால், விபத்து நேரும்போது எஞ்சினுக்கும் தொட்டிக்கும் நடுவே நசுங்க நேரிடும் என்று அவர் கருதினார். முன்புறத்தை எட்டிப் பார்க்கச் சிறிய பெரிஸ்கோப் ஒன்று மட்டும் இருந்தது. தரையிறங்கும்போது விமானத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி ஓடுபாதையைத் தேடிப் பார்த்தால், அந்த முடிவின் விலை நன்றாகவே புரியும்.

வீட்டுச் சிமுலேட்டரில் இறக்கத் தெரிந்தவர் நிஜ விமானத்தையும் ஓட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உடலை அழுத்தும் விசையையும் தூக்கமின்மையையும் திரை தருவதில்லை என்பதால் அது சரியல்ல.