ஊர் பேர் தெரியாத கில்லி மீன்: வாசகர் கேள்வி-பதில்

திருமங்கலத்திலிருந்து கோவைக்கு ராத்திரி பஸ்ஸில் கப்பி மீன் அனுப்பினேன். பாதி செத்துவிட்டது. ஏன்?

எத்தனை மீன், எவ்வளவு தண்ணீர், கடைசியாக எப்போது தீனி போட்டீர்கள், எதுவும் எழுதவில்லை. ஜோசியமா பார்ப்பது? தீனியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். 24 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும்; வயிறு நிறைந்த மீன் கவருக்குள் கழிந்து, அம்மோனியா ஏறிச் சாகும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்ஸிஜன். கவரின் இரண்டு மூலையையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் குஞ்சு அங்கே சொருகி நசுங்கும். சித்திரை, வைகாசியில் தெர்மோகோல் பெட்டி இல்லாமல் மீன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

என் ஏபிஸ்டோ (சின்ன அலங்கார மீன்) குஞ்சுகள் முக்கால்வாசி ஆண். ஜோடியாக விற்க முடியவில்லை. (வாடிப்பட்டி)

சூடுதான். முட்டை பொரித்த முதல் மாதம் தண்ணீர் 29 டிகிரியில் இருந்தால் ஆண் கூடும். 23 பக்கம் இருந்தால் பெண் கூடும். மதுரையில் கோடைக் குஞ்சுகளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? மார்கழியில் இனம் சேருங்கள்.

பார்சலில் வந்த மீனை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கினேன், செத்துவிட்டது.

கட்டிய கவருக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால் அம்மோனியா விஷம் குறைந்து கிடக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அதில் இரண்டு மணி நேரம் வைத்தால்? கட்டிய கவரை 20 நிமிடம் மிதக்க விட்டு, திறந்து, வலையால் அள்ளித் தொட்டியில் விடுங்கள். கவர் தண்ணீர் சாக்கடைக்கு. ஆனால் அனுப்புபவரின் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 100, உங்கள் போர் தண்ணீர் 1,200 என்றால் எந்த வித்தையும் பலிக்காது. முன்கூட்டியே கேட்டு, ஆர்ஓ கலந்து தொட்டியைத் தயார் செய்யுங்கள்.

ஒருவரிடம் கார்ட்னரி கில்லி ஆண், இன்னொருவரிடம் பெண் வாங்கினேன். ஊர்ப்பெயர் (அதன் மூதாதை மீன் பிடிபட்ட இடம்) இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குஞ்சுகளை அகுரே என்று விற்கலாமா?

கூடாது! எத்தனை தரம் எழுதுவது? அகுரே நைஜீரியாவில் இருக்கிறது, இன்னொரு கார்ட்னரி ஊரான மிசாஜே கேமரூனில். ஆண்களின் நிறமே வேறு. பெண்களோ எல்லா ஊரிலும் அதே பழுப்பு உடம்பு, அதே புள்ளி. பார்த்துப் பிரிக்கக் கடவுளாலும் ஆகாது. கலந்த குஞ்சில் ஒன்று அகுரே மாதிரியே இருக்கும். அதை நீங்கள் விற்பீர்கள், வாங்கியவர் தன் நல்ல பெண்ணோடு சேர்ப்பார், நான்கு தலைமுறையில் நம் வட்டாரத்தில் சுத்தமான வரிசையே இருக்காது. கலப்பு முட்டை சில சமயம் சரியாகப் பொரிப்பதும் இல்லை. காட்டிலிருந்து புதிதாக வரவழைப்பது கப்பி வாங்குவது போல இல்லை. கையில் இருப்பதை "கார்ட்னரி, ஊர் தெரியாது" என்று எழுதிப் பாதி விலைக்குக் கொடுங்கள், அல்லது அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர், வாங்கிய இடம், முட்டை எடுத்த தேதி, மூன்றும் கவர் மேல் இருக்க வேண்டும். மார்க்கர் பேனா பத்து இருபது ரூபாய்தான்.

நான் விற்ற கப்பிப் பெண்கள் வேறு நிறக் குட்டி போட்டதாம்.

ஆண்களோடு வளர்த்திருப்பீர்கள். ஒருமுறை சேர்ந்தால் மாதக்கணக்கில் அதே விந்தில் குட்டி போடும். மூன்று வாரத்திலேயே பிரியுங்கள்.

விற்காத டேங்க் கிளீனர் மீனை வண்டியூர் கண்மாயில் விடலாமா?

விடாதீர்கள். கண்மாய்க்காரர்கள் வலையில் இப்போதே அது போதுமான அளவு சிக்குகிறது.

பெட்டா (ஃபைட்டர்) மீன் கவருக்கும் ஆக்ஸிஜன் அடிக்க வேண்டுமா?

வேண்டாம், சாதாரணக் காற்று போதும். வாயால் ஊதாதீர்கள்; கவரை வீசிக் காற்றுப் பிடித்துக் கட்டுங்கள். கவருக்கு ஒரு மீன். தீனி? முதல் பதிலை மறுபடி படியுங்கள்.